பத்து மார்க்கோடு எல்லை கடந்தவர்

படிவம் ஆறில் நான் இயற்பியல் எடுத்தபோது, வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அம்மாவிடம், பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, தேத்தண்ணி கலக்கப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு சுருங்கிப் போச்சு. அந்த வருஷம் நூலகத்தில் படித்த ஒரு வாழ்க்கை என்னைத் தூக்கி நிறுத்தியது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் லீஸ் மைட்னர். 1878-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பதினாலு வயதோடு பள்ளிக்கூடம் முடிஞ்சிடும். பல்கலைக்கழகக் கதவு திறந்ததே 1897-இல்தான். பையன்கள் எட்டு வருஷம் படிப்பதை மைட்னர் இரண்டே வருஷத்தில் வீட்டிலிருந்து படித்தார். 1901-இல் தேர்வு எழுதிய 14 பெண்களில் 4 பேர் தேறினார்கள். அதில் அவரும் ஒருவர். 1906-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அடுத்த வருஷம் பெர்லினுக்குப் போனார். ஓட்டோ ஹான் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனா, அந்தக் கழகத்துக்குள் பெண்கள் வரக் கூடாது. கடைசியில், கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையில் மட்டும் வேலை செய்யலாம் என்று விட்டார்கள். பெண்களுக்குக் கழிவறை கிடையாது. பக்கத்துக் கடைக்குத்தான் போகணும். பல வருஷம் சம்பளமும் இல்லை. இருந்தும் அவர் விடவில்லை. 1926-இல் ஜெர்மனியிலேயே இயற்பியல் பேராசிரியரான முதல் பெண் அவர்தான்.

இப்போ நம் கதையின் மையத்துக்கு வருவோம். அன்று தெரிந்த தனிமங்களில் மிகக் கனமானது யுரேனியம், அதன் எண் 92. அதன் மேல் நியூட்ரானைப் பாய்ச்சினால் அதைவிடக் கனமான புதுத் தனிமம் உருவாகும் என்று பலரும் நம்பினார்கள். 1934-இலிருந்து மைட்னர், ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் மூவரும் இதைத் தேடினார்கள்.

தேடல் முடியும் முன்பே ஹிட்லரின் ஆட்சி குறுக்கே வந்தது. 1933-இல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை பறிபோனது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதும், அவர் கடப்பிதழும் செல்லாக் காசாகிவிட்டது. ஜூலை 13-ஆம் தேதி, 59 வயதில், ரயிலேறி டச்சு எல்லையைக் கடந்தார். கையில் 10 மார்க். எல்லைக் காவலருக்குக் கொடுக்க வேண்டி வந்தால் உதவட்டும் என்று, ஹான் தன் தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்திருந்தார். 31 வருஷ உழைப்பு பெர்லினிலேயே நின்றுவிட்டது.

சுவீடனில் அடைக்கலம் கிடைத்தது. சரியான கருவி இல்லை, துணைக்கு ஆள் இல்லை, மொழியும் புதுசு. டிசம்பரில் ஹானிடமிருந்து கடிதம் வந்தது. யுரேனியத்தில் நியூட்ரானைப் பாய்ச்சியதில் பேரியம் கிடைத்திருக்கிறது, இது எப்படி என்று புரியவில்லை என்று எழுதியிருந்தார். பேரியத்தின் எண் 56. யுரேனியத்தில் ஏறக்குறைய பாதி எடைதான். கனமானதைத் தேடினால் லேசானது வந்து நிற்கிறது!

விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷும் அவரும் பனியில் நடக்கப் போனார்கள். வழியில் ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து, கிடைத்த துண்டுத் தாளில் கணக்குப் போட்டார்கள். அணுக்கருவை ஒரு நீர்த்துளியாக நினைத்துக்கொள்ளுங்கள். யுரேனியம் மிகப் பெரிய துளி, தன் மின்னேற்றத்தாலேயே ஆடிக்கொண்டிருக்கும் துளி. நியூட்ரான் ஒன்று உள்ளே போனால் அது நீண்டு, இடுப்பு சிறுத்து, இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டு துண்டும் ஒன்றையொன்று தள்ளுவதில் வரும் ஆற்றல் ஏறக்குறைய 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலுக்குச் சமமாக எவ்வளவு நிறை குறையும்? ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டு கணக்கும் சரியாகப் பொருந்தியது. அணுக்கருப் பிளவு புரிந்தது. 1939 பிப்ரவரியில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது.

1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை பரிந்துரைக்கப்பட்டும் மைட்னருக்கு நோபல் கிடைக்கவே இல்லை. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனா, அவர் செய்த இன்னொன்றை மறக்கக் கூடாது. 1943-இல் அணுகுண்டு செய்யும் திட்டத்தில் சேர அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார். நாடும் வேலையும் இழந்து ஒதுங்கியிருந்த நேரம் அது. சேர்ந்திருந்தால் நல்ல ஆய்வுக்கூடமும் சக விஞ்ஞானிகளும் கிடைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்!

இந்தப் பிளவு குண்டோடும் மின் உலையோடும் முடிந்துவிடவில்லை. பெரிய விண்மீன்கள் தம் வயிற்றில் இரும்பு வரைதான் சமைக்கும். அதற்கு மேல் தங்கம், யுரேனியம் போன்றவை உருவாக ஏராளமான நியூட்ரான்கள் வேணும். நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதும் இடம் அப்படிப்பட்டது. 2017-இல் அப்படி ஒரு மோதலை விஞ்ஞானிகள் நேரடியாகவே கவனித்தார்கள். அங்கே அணுக்கருக்கள் நியூட்ரான்களை விழுங்கி விழுங்கிப் பெருக்கின்றன. அளவு மீறினால் பிளக்கின்றன. பிளந்த துண்டுகள் மறுபடி விழுங்கத் தொடங்குகின்றன. ஆக, எந்தத் தனிமம் எவ்வளவு உண்டாகும் என்பதைப் பிளவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 2023-இல் 42 பழைய விண்மீன்களை ஆராய்ந்தவர்கள், வெள்ளி, பல்லேடியம் போன்றவற்றின் அளவில் இந்தப் பிளவின் தடயத்தைக் கண்டார்கள். பிளந்தவை நிறை எண் 260-க்கும் மேற்பட்ட அணுக்கருக்கள். அவ்வளவு கனமானவை பூமியில் இயற்கையில் கிடைப்பதில்லை. அதனால்தான் இன்றும் ஆய்வுக்கூடங்களில் கனமான ஐசோடோப்புகளைப் பிளந்து பார்க்கிறார்கள். புதுத் தனிமம் தேடப் போய் மைட்னர் பிளவைக் கண்டார். அந்தப் பிளவே இப்போ தனிமங்கள் பிறந்த கதையைச் சொல்கிறது.

மைட்னர் 1968-இல் கேம்பிரிட்ஜில் காலமானார். 1997-இல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்ற பெயர் உறுதியானது. நோபல் வாங்கியவர் பலர். தனிம அட்டவணையில் பெயர் உள்ளவர் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

தங்கைகளே, உங்கள் வீட்டிலும் யாராவது எதுக்கு என்று கேட்கலாம். பதில் தேடி அலைய வேண்டாம். புத்தகத்தைத் திறந்து உட்காருங்கள், அதுவே பதில். தம்பிகளே, அக்கா தங்கைகள் படிக்கும்போது தேத்தண்ணியை நீங்கள் கலக்குங்கள். நான் இயற்பியலை விடவில்லை. இப்போ பள்ளியில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அணுக்கருப் பாடம் வரும்போது, கரும்பலகையில் முதலில் நான் எழுதுவது அவர் பெயரைத்தான்.