பின்னாடியிலிருந்து எண்ணிய டாக்டர்

பீரியட்ஸ் ஆப் வைத்திருக்கும் தோழிகளுக்குத் தெரியும், மாசத்துல சில நாட்களை மட்டும் அது தனி கலரில் காட்டும். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள். அந்தக் கலருக்குப் பின்னாடி ஒரு ஜப்பானிய டாக்டர் இருக்கிறார். பெயர் கியூசாகு ஒகினோ.

1882ல் டொயோஹாஷியில் பிறந்தவர். ஒகினோ என்பது அவரைத் தத்தெடுத்த குடும்பத்தின் பெயர். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, 1912ல் நீகாட்டா நகரின் தகேயாமா மருத்துவமனையில் மகப்பேறு டாக்டராகச் சேர்ந்தார். பெரிய லேப் எல்லாம் கிடையாது. வந்த பேஷண்டுகள்தான் அவருடைய டேட்டா.

கருமுட்டை எந்த நாளில் வெளியாகிறது என்பதில் அப்போது பெரிய குழப்பம். ஜெர்மனியின் ஆராய்ச்சியாளர்கள் முடிந்துபோன பீரியட்ஸிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். ஆளுக்கொரு விடை வந்தது. ஒகினோ வேறு காரணங்களுக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்யும்போதெல்லாம் சினைப்பையையும் கவனித்தார். முட்டை வெளியாகிவிட்டதா, எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று குறித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த பீரியட்ஸ் எப்போது வந்தது என்பதையும் விடாமல் கேட்டு எழுதினார்.

அடுத்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணியதும் குழப்பம் அடங்கியது. சுழற்சி 28 நாளோ 35 நாளோ, அடுத்த பீரியட்ஸுக்கு 12 முதல் 16 நாள் முன்பு முட்டை வெளியாகிறது. 28 நாள்காரருக்கு அது 14ஆம் நாளை ஒட்டி வரும், 35 நாள்காரருக்கு 21ஐ ஒட்டி. மாறுவது முன்பாதி, பின்பாதி பெரும்பாலும் மாறாது. எல்லாருக்கும் 14ஆம் நாள்தான்னு இன்னைக்கும் நம்புறவங்க நம்ம கேம்பஸ்லயே நிறைய பேர்!

1924ல் இதை ஜப்பானிய மொழியில் எழுதினார். வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. 1929ல் ஜெர்மனிக்கே போனார், 1930ல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அதனால் ஒகினோ-க்னாஸ் முறை என்று இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன.

ஒகினோவைப் பொறுத்தவரை இது குழந்தைக்காக ஏங்குகிறவர்களுக்கு எந்த நாள் என்று சொல்வதற்கான கணக்கு. உலகம் அதை அப்படியே தலைகீழாக எடுத்துக்கொண்டது: அந்த நாட்களைத் தவிர்த்தால் கர்ப்பம் இல்லை! செயற்கைக் கருத்தடையை ஏற்காத கத்தோலிக்க திருச்சபைக்கும் இது வசதியாக இருந்தது. 1951ல் போப் 12ஆம் பயஸ் வெளிப்படையாகவே அனுமதித்தார்.

ஆனா இதுல ஒரு சிக்கல். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும், இது நான்-காஸல் சிஸ்டம். இன்றைய விடைக்கு இனிமேல் வரப்போகும் தேதி வேண்டும். பழைய மாதங்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். பரீட்சை, காய்ச்சல், தூக்கமின்மை என்று ஏதாவது வந்தால் ஊகம் தப்பும். விந்தணு 3 நாள் தாங்கும் என்பது அவர் கணக்கு, 5 நாள் வரைகூட உயிரோடிருக்கும் என்பது பின்னால் தெரிந்தது. பிரான்ஸில் கணக்கு தப்பிப் பிறந்தவர்களுக்கு ஒகினோ குழந்தைகள் என்றே பெயர் வந்துவிட்டது, பாவம் மனுஷன்.

கருத்தடைக்கு இதை நம்பாதீர்கள், இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன என்பதே அவருடைய நிலை. தன் பெயரில் பரவிய முறையைத் தானே எதிர்க்க எத்தனை பேருக்கு மனசு வரும்? உலகப்புகழ் வந்த பிறகும் நீகாட்டாவை விட்டுப் போகவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆபரேஷனை மேம்படுத்தி, அங்கேயே பேஷண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1975 ஜனவரி 1 அன்று, 92 வயதில் காலமானார். நீகாட்டாவில் ஒரு சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.