குறி பார்க்கக் கற்பித்த வ.வே.சு. ஐயர்

தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து வந்திறங்கும் பட்டாசுகளில் மிகச் சிறியது பொட்டு வெடி. தகரத் துப்பாக்கியில் அதன் சுருளைப் பொருத்திச் சுட்டுப் பார்க்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. தீப்பெட்டியில் குச்சியின் தலையில் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பொட்டு வெடியில் இரண்டும் ஒரே புள்ளியில் கூடியிருப்பதால், சுத்தி தட்டியதுமே வெடித்துவிடுகிறது. உண்மையான ரிவால்வரின் தோட்டாவும் அத்தகைய ஓர் அடியில்தான் வெடிக்கிறது.

ரிவால்வர்களில் பழைமையான வகை ஒன்றுண்டு. அதில் ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசைக்குள்ள ஒரே வேலை அதை விடுவிப்பது. பின்னாளில் வந்த வகையில் விசையே சுத்தியை இழுத்து, அதுவே விடுவிக்கவும் செய்யும். அங்கே விரலுக்குச் சுமை அதிகம். அந்தச் சுமையில் குழல் அசையும். பழைய வகையில் விசை இலகுவானது. ஆகவே குறி தவறும் வாய்ப்புக் குறைவு. கைக்குப் பொருந்தும் பிடி, குழலின் முனையிலுள்ள குறிமுள்ளில் ஊன்றிய பார்வை, நிதானமான மூச்சு, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்தும் விரல் - குறியின் துல்லியம் இவ்வளவில் அடங்கியது. ஆயுதத்தை அடக்குவதற்கு முன்னால் தன்னை அடக்க வேண்டும் என்பதே அந்தக் கலையின் முதற்பாடம்.

அந்தப் பாடத்தைத் தமிழ் இளைஞர்களுக்குக் கற்பித்தவராக நினைவுகூரப்படுபவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி பிறந்தவர். வழக்குரைஞராகத் தேர்ந்து ரங்கூனில் தொழில் செய்தார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907-இல் லண்டன் சென்றவரை, அங்கிருந்த இந்தியா ஹவுஸ் வேறு திசைக்கு ஈர்த்தது. சாவர்க்கரின் நெருங்கிய தோழரானார். சட்டப் படிப்பை முடித்தும், அரச விசுவாச உறுதிமொழி ஏற்க மனமின்றிப் பட்டத்தையே துறந்தார்.

இந்தியா ஹவுஸ் இளைஞர்கள் அந்நாளில் கைத்துப்பாக்கிப் பயிற்சியிலும் ஈடுபட்டனர். அவர்களுள் ஒருவரான மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1-ஆம் தேதி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்று தூக்குமேடை ஏறினார். மறு ஆண்டு சாவர்க்கர் கைதானார். ஐயர் மாறுவேடத்தில் தப்பிப் பாரிஸ் வழியாக 1910-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியும் அரவிந்தரும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த காலம் அது.

புதுச்சேரியை ஒட்டிய கரடிக்குப்பத்தில் ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்பித்தார் என்றும், அவர்களில் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். புனலூரில் வனத்துறை ஊழியராக இருந்தவர் வாஞ்சி. 1911 ஜூன் 17-ஆம் தேதி காலை, மணியாச்சி ரயில் சந்திப்பில், மனைவியுடன் கொடைக்கானல் புறப்பட்டிருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் இயக்கம் நசுக்கப்பட்டதற்கு எதிர்வினையாக அந்தக் கொலை பார்க்கப்பட்டது. 1910 வரை சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே இன்றைய விருதுநகர் வட்டாரத்துக்கும் அது அயலூர்ச் செய்தியன்று.

வாஞ்சியின் ஆயுதத்தை ரிவால்வர் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கி. ஒரு குண்டு வெளியேறிய விசையிலேயே அடுத்த குண்டுக்குத் தானாக ஆயத்தமாகிவிடும். கட்டைவிரலால் சுத்தியை இழுக்கும் அந்த ஒரு கண நிதானம் அதற்குத் தேவையில்லை. மேலும், ரயில் பெட்டிக்குள் அத்தனை நெருக்கத்தில் சுடுபவருக்குக் குறித்திறன் பெரிதாக வேண்டியதில்லை. குறி தவறவில்லை, ஆனால் ஆட்சியும் அசையவில்லை. ஆஷின் இடத்துக்கு வேறோர் ஆட்சியர் வந்தார். விசாரணை, கைது, சிறை என்று அதன் சுமை தமிழ் இளைஞர்களின் மீதே இறங்கியது.

ஐயரின் கவனம் மெல்ல எழுத்தின் பக்கம் திரும்பியது. 1914-இல் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கிய பின், புதுச்சேரியிலிருந்த தேசபக்தர்கள் நாடு கடத்தப்படக்கூடும் என்ற அச்சம் சூழ்ந்தது. அந்த நெருக்கடியில்தான் திருக்குறள் முழுவதையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். குளத்தங்கரை அரசமரம் என்ற அவரது கதை, தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. முதல் உலகப் போர் முடிந்து பொதுமன்னிப்புக் கிடைத்ததும் 1920-இல் தமிழகம் திரும்பினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று, தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். எழுத்துக்காக ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெல்லாரிச் சிறையில் கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வு நூலை எழுதினார்.

அவருடைய வாழ்வின் கடினமான சோதனை அதன் பிறகே வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்ற அதே 1922-இல், ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர் சேரன்மாதேவியில் நிலைகொண்டது. தேசியக் கல்வி தருவதே அதன் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஏற்று, 5,000 ரூபாய் வழங்கியது. ஆனால் அங்கே இரு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்படுவது தெரியவந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். காந்தியடிகள் வரை பிரச்சினை சென்றது. அந்தச் சிறுவர்களின் பெற்றோருக்கு அளித்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். 1925-இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றானது.

ஐயர் சாதி வேற்றுமை பாராட்டாதவர் என்று அவரோடு பழகியவர்கள் சொல்வதை நாம் ஏற்கலாம். அப்படியானால் தவறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில், இரு குடும்பங்களுக்குத் தந்த வாக்கை மற்ற மாணவர் அனைவரின் தன்மானத்துக்கும் மேலாக வைத்தார். அந்நிய ஆட்சியைக் குறிபார்த்த கண்ணுக்கு, தன் பள்ளிப் பந்தியிலிருந்த அநீதியின் அளவு புலப்படவில்லை.

1925 ஜூன் 3-ஆம் தேதி, பாபநாசம் மலையின் கல்யாண தீர்த்தத்தில் நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காக்கக் குதித்த ஐயர் திரும்பவில்லை. மகளும் பிழைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 44.

அவரை வீரராக மட்டும் போற்றுவதும், குருகுலத் தவற்றை மட்டும் நினைவில் வைப்பதும் ஒருபோலக் குறைபட்ட பார்வைகளே. துப்பாக்கியிலிருந்து குறளுக்கு வந்துசேர்ந்த அந்த மனம் நேர்மையானது. சமபந்தியில் தடுமாறியதும் அதே மனம்தான். வெளியிலுள்ள எதிரியைக் குறி வைப்பதைவிட, நமக்குப் பழகிப்போன அநீதியைக் குறி வைப்பதற்கே அதிக நிதானமும் துணிவும் வேண்டும். பள்ளிகளில் சாதி அடையாளங்கள் இன்னும் தலைகாட்டும் தென்மாவட்டங்கள், ஐயரின் வாழ்விலிருந்து முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.