எஞ்சினைத் திருப்பி வைத்தவர்!

குட்டீஸ், உங்கள் ஜாமெட்ரி பாக்ஸின் ஒரு ஓரத்தில் தீப்பெட்டி ஒன்றை நீளவாக்கில் வையுங்கள். இப்போது அதையே குறுக்காகத் திருப்பி வையுங்கள். முன்னால் கொஞ்சம் இடம் மிச்சமாகிறதா? இந்த இடத்தை மிச்சப்படுத்தியே உலகப் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் அலெக் இசிகோனிஸ்!

1906ல், இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னா நகரில் பிறந்தார். 1922ல் போரில் அந்த நகரம் தீக்கிரையானது. வீடு, தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பெற்றோருடன் கப்பலேறி மால்டா தீவுக்குத் தப்பினார். அங்கே அப்பாவும் இறந்துபோனார். பதினாறு வயதில் அம்மாவுடன் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

லண்டனில் இன்ஜினியரிங் படித்தார். கணக்குப் பரீட்சையில் ஒருமுறை அல்ல, மூன்று முறை பெயில்! ஆனால், படம் வரைவதில் கெட்டிக்காரர். மனதில் தோன்றும் யோசனையைக் கையில் கிடைத்த காகிதத்தில் வரைந்துவிடுவார். அந்தத் திறமைதான் அவரைக் கார் வடிவமைப்பாளர் ஆக்கியது. அவர் வடிவமைத்த மோரிஸ் மைனர் கார் 1948ல் வெளிவந்து, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

1956ல் சூயஸ் கால்வாய் பிரச்னையால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைவாகப் பெட்ரோல் குடிக்கும், நெரிசலான நகரத்தில் ஓட்ட வசதியான சின்னக் கார் வேண்டும் என்றார் அவரது நிறுவனத் தலைவர். பத்தடி நீளக் காரில் நான்கு பேர் உட்கார வேண்டும். எப்படி முடியும்?

இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார்! சில கார்களில் சிறிய எஞ்சின்களை அப்படி வைத்தது முன்பே உண்டு. இவரோ நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர் பாக்ஸையும் அதன் அடியிலேயே பொருத்தினார். சக்கரங்களைப் பத்து அங்குலமாகக் குறைத்தார். காரின் ஐந்தில் நான்கு பங்கு இடம் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. 1959 ஆகஸ்டில் வெளிவந்த அந்தக் காரின் பெயர் மினி. பொம்மை போல இருந்த மினி, மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பெரிய கார்களைத் தோற்கடித்தது!

பிறகு, மினியைவிட நீளம் குறைந்த, உள்ளே இடம் கூடிய '9எக்ஸ்' என்ற எதிர்காலக் காரை உருவாக்கினார். ஆனால், 1968ல் நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்தது. புதிய நிர்வாகம் அதைத் தயாரிக்க முன்வரவில்லை. அவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனாலும், ஓய்வு பெற்ற பின்பும் அந்த யோசனையை அவர் கைவிடவில்லை.

1969ல் 'சர்' பட்டம் பெற்ற இசிகோனிஸ், 1988ல் மறைந்தார். அவரது மினி 2000ம் ஆண்டு வரை, 50 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரானது.

அடுத்த முறை சின்னக் கார் ஒன்றின் முன்மூடியை மெக்கானிக் திறந்தால் எட்டிப் பாருங்கள், குட்டீஸ். எஞ்சின் பெரும்பாலும் குறுக்காகத்தான் இருக்கும்!