தம்பிக்காக வேண்டிய தமக்கை

கல்லறைத் திருநாள் நெருங்கும்போதெல்லாம் ஞானோபதேச வகுப்பில் சின்னப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. இறந்தவர்களுக்காக நாம் வேண்டுவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அது. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி நீண்ட விளக்கம் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். புனித பெர்பெத்துவாவின் வரலாற்றைச் சொன்னால் கண் கொட்டாமல் கேட்பார்கள்.

இன்றைய துனீசியா நாட்டின் கடற்கரையில் இருந்தது கார்த்தேஜ் நகரம். அன்று அது உரோமையர் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே நல்ல குடியில் பிறந்து, கல்வி கற்று, மணமுடித்து வாழ்ந்தவர் பெர்பெத்துவா. ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் அவரும் வேறு சிலரும் கைதானார்கள். அப்போது அவருக்கு வயது 22. கையில் பால் குடிக்கும் ஆண் குழந்தை. கருவுற்றிருந்த பெலிசித்தா என்னும் அடிமைப் பெண்ணும் அக்கூட்டத்தில் இருந்தாள். பெர்பெத்துவாவின் வயதான தந்தை கிறிஸ்தவர் அல்லர். மகளின் கைகளை முத்தமிட்டுக் காலில் விழுந்து அழுதார். அவர் மனம் இளகியதே தவிர மாறவில்லை. காட்டு விலங்குகளுக்கு இரையாக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சிறையில் நடந்தவற்றைப் பெர்பெத்துவா தம் கையாலேயே எழுதி வைத்தார். கிறிஸ்தவப் பெண்கள் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

தீர்ப்புக்குச் சில நாட்களுக்குப்பின் எல்லோரும் ஜெபித்துக்கொண்டிருக்கையில், அவர் வாயிலிருந்து தினோக்கிராத்தெஸ் என்ற பெயர் தானாக வந்தது. அவருக்கே வியப்பு. அதுவரை அந்தப் பெயர் நினைவுக்கு வந்ததே இல்லை! முகத்தில் புற்றுநோய் வந்து, பார்ப்பவர் அருவருக்கும்படி ஏழு வயதில் இறந்துபோன தம்பி அவன். உடனே அவனுக்காக வேண்டத் தொடங்கினார்.

அன்றிரவே ஒரு காட்சி கண்டார். இருண்ட இடம் ஒன்றிலிருந்து தம்பி வந்தான். அழுக்கு உடை, வெளிறிய முகம், அதில் அதே புண். தாகத்தால் தவித்தான். அருகே தண்ணீர் நிறைந்த தொட்டி இருந்தது; ஆனால் அதன் விளிம்பு அவன் உயரத்திற்கு மேல். எட்டிப் பார்த்தும் அவனால் குடிக்க முடியவில்லை.

விழித்தெழுந்த தமக்கை சோர்ந்துவிடவில்லை. இன்னும் சில நாளில் சாகப் போகிறவர், தம் உயிருக்காக வேண்டியிருக்கலாமே! அவரோ இரவும் பகலும் கண்ணீர் விட்டுத் தம்பிக்காக வேண்டினார். கால்களைத் தொழுவில் மாட்டி வைத்திருந்த ஒரு நாளில் மறுபடியும் அவனைக் கண்டார். அந்த இடம் இப்போது வெளிச்சமாயிருந்தது. அவன் குளித்து நல்ல உடை உடுத்தியிருந்தான். புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும். தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மேலே எடுக்க எடுக்கக் குறையாத பொற்கிண்ணம். தாகம் தீரக் குடித்துவிட்டு, பிள்ளைகளுக்கே உரிய குதூகலத்தோடு விளையாடப் போய்விட்டான். அவன் வேதனை நீங்கிவிட்டதென்று பெர்பெத்துவா அறிந்துகொண்டார்.

(விளையாடப் போனான் என்ற இடம் வந்ததும் எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.)

203-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் அரங்கில் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் உயிர் நீத்தார்கள். பெலிசித்தா சில நாட்களுக்கு முன்புதான் சிறையில் ஒரு பெண் மகவைப் பெற்றிருந்தாள். திருப்பலிப் புத்தகத்தை எடுத்து முதலாம் நற்கருணை மன்றாட்டைப் பாருங்கள், தோழியரே. மரித்தோரை நினைவுகூரும் பகுதி முடிந்ததும் வரும் புனிதர்களின் வரிசையில் அவ்விருவர் பெயரும் இருக்கின்றன.