கத்தி தோற்றது, காய்ச்சல் வென்றது!

1890-ம் ஆண்டு. நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்ற டாக்டர் இருந்தார். வயது 28. ஆபரேஷன் செய்வதில் கெட்டிக்காரர்.

அவரிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் வீக்கம். புற்று நோய்! கையை வெட்டி எடுத்தார் கோலி. ஆனாலும் நோய் உடம்பெங்கும் பரவியது. 1891 ஜனவரியில் அவள் இறந்தாள்.

கோலி கலங்கிப் போனார். கட்டியை எடுத்த பிறகும் நோய் ஏன் போகவில்லை?

பழைய ஏடுகள்

ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளைப் புரட்டினார். ஓர் அதிசயம் கண்ணில் பட்டது. ஒருவருக்குக் கழுத்தில் கட்டி. பலமுறை ஆபரேஷன் செய்தும் திரும்ப வளர்ந்தது. பிறகு அவருக்குத் தோல் சிவந்து வீங்கும் தொற்று நோய் வந்தது. கடுங்காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியையே காணோம்!

அந்த மனிதரைத் தேடி, ஏழைகள் வாழும் தெருக்களில் கோலி அலைந்தார். கண்டுபிடித்தார். அவர் நலமாக இருந்தார்!

கிருமியே மருந்து

1891-ல் ஓர் இத்தாலியருக்கு அந்த நோய்க் கிருமியைக் கோலி ஊசி மூலம் செலுத்தினார். காய்ச்சல் வந்தது, கட்டி கரைந்தது. அவர் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் உயிருள்ள கிருமி ஆபத்தானது. அதனால் இறந்தவர்களும் உண்டு. ஆகவே 1893 முதல் கொல்லப்பட்ட கிருமிகளை உபயோகித்தார். சிலர் பிழைத்தார்கள், பலருக்குப் பலன் இல்லை. மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. எக்ஸ்ரே சிகிச்சையும் வந்துவிட்டது. 1936-ல் கோலி காலமானார்.

மகள் காத்த செல்வம்

மகள் ஹெலன் விடவில்லை. தந்தையின் குறிப்புகளைத் திரட்டி, 1953-ல் புற்று நோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்.

உடம்புக்குள் ஒரு காவல் படை உண்டு. அதுதான் வெள்ளை அணுக்கள். கிருமி அந்தப் படையைத் தட்டி எழுப்பியது. அந்தப் படையைக் கட்டிப்போடும் தடைகளை நீக்க வழி கண்ட ஆலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்ததும் உடம்பு காயத்தை ஆற்றுவதில் முனைகிறது. அப்போது காவல் படை சில நாட்கள் தளர்கிறது. ஒளிந்திருக்கும் புற்று அணுக்களுக்கு அது நல்ல சமயம். எனவே சிலவகைப் புற்று நோய்களுக்கு, ஆபரேஷனுக்கு முன்பே காவல் படையை எழுப்பும் மருந்து தருகிறார்கள். கட்டி உள்ளே இருக்கும்போதே படை பகைவனை அடையாளம் கண்டுகொள்கிறது.

அதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்பதல்ல. பல கட்டிகளுக்குக் கத்திதான் முதல் மருந்து. கத்தி எட்டாத இடத்தில் உடம்பின் படை போராட வேண்டும். அந்த வழியைத் தேடிக் கிளம்பியவர் கோலி!