சென்னை வான சாஸ்திரி போக்ஸன்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் எண்ணிறந்த சிறு கிரகங்களுள் ஒன்றுக்கு ஆசியா என்று பெயர். அது சென்னை நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டதென்பதை நம்மவர் பலர் அறியார். அதைக் கண்டவர் நார்மன் ராபர்ட் போக்ஸன்.

1829-ம் வருஷம் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே மூன்று சிறு கிரகங்களைக் கண்டவர். நக்ஷத்திரங்களின் பிரகாசத்தை அளக்க 1856-ல் இவர் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் வழங்கி வருகிறது. அதன்படி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒளி சுமார் 2.512 மடங்கு வேறுபடும்.

1861-ல் போக்ஸன் சென்னையில் அரசாங்க வான சாஸ்திரியானார். அவ்வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, வரிசையில் 67-வதான சிறு கிரகத்தைக் கண்டார். நக்ஷத்திரங்கள் தம்முள் இடம் மாறாதிருக்க, சிறு கிரகம் இரவுக்கிரவு நகர்ந்து செல்லும். அந்நகர்ச்சியே அதைக் காட்டிக் கொடுப்பது. ஆசியாக் கண்டத்திலிருந்து முதன் முதல் கண்டறியப்பட்டதாகலின் அதற்கு அப்பெயரையே சூட்டினார். சூரியனிலிருந்து அதன் சராசரி தூரம், பூமியின் தூரத்தைப் போல் 2.42 மடங்கு. ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 3 வருஷம் 9 மாதம் ஆகிறது. 1864, 1866, 1868, 1885-ம் வருஷங்களில் மேலும் நான்கு சிறு கிரகங்களைச் சென்னையிலிருந்தே கண்டார். முப்பது வருஷம் இங்கு உழைத்து, 1891-ல் இந்நகரிலேயே காலமானார்.

இவருக்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியாரை நாம் மறத்தலாகாது. பஞ்சாங்கக் கணிதத்தில் வல்ல அப்பெரியார் 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரமொன்றைக் கண்டார். 1872-ல் லண்டன் ராயல் வான சாஸ்திர சங்கத்தின் அங்கத்தினரானார். 1874-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து சென்றதைப் பாமரரும் அறியும் வண்ணம் நூல் எழுதினார். 1880-ல் மறைந்த அவர் பெயரை இன்று சொல்வார் எத்தனை பேர்?

ஏறக்குறைய அக்காலத்தில்தான் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறைகளில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் கடற்பிராணிகளை வெள்ளையர் ஆராய்ந்து பெயரிட்டனர். நம் மண்ணுக்கும் நம் வானுக்கும் பிறர் பெயரிட, நாம் பார்த்திருந்தோம். அதற்காகப் போக்ஸனின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. அவரைப் போல் இரவெல்லாம் விழித்திருந்து உழைக்கும் இளைஞர்களை நம் கிராமங்களிலிருந்து உண்டாக்குவதும், ரகுநாதாசாரியாரின் பெயரைப் பள்ளிப் பாடத்தில் ஏற்றுவதுமே சுதந்திர தேசத்தாருக்குரிய கடமை.