இசைவாணர் மியாகி மிச்சியோ

உலகத்தை அறிதற்கு மக்கட்கு அமைந்த பொறிகளுள் கண்ணே தலைமையானது என்று பலரும் கருதுவர். விடியற்காலத்து வானத்தின் செம்மையும், மலையின் உயர்வும், பெற்ற தாயின் முகமும் கண் வழியாகவே நெஞ்சிற் புகுகின்றன. அக்கண்ணை இளமையிலேயே இழந்த ஒருவர், செவி ஒன்றையே துணையாகப் பற்றிக்கொண்டு, வறுமையோடும் தனிமையோடும் போராடித் தம் நாட்டின் பழைய இசைக்குப் புதிய வாழ்வு அளித்தார். அவர்தாம் ஜப்பான் நாட்டு இசைவாணர் மியாகி மிச்சியோ என்பவர்.

மிச்சியோ 1894ஆம் ஆண்டு ஏப்பிரல்த் திங்கள் 7ஆம் நாள், கோபே என்னும் துறைமுக நகரில், அயல்நாட்டார் குடியிருந்த பகுதியிலே பிறந்தார். அவருடைய குடும்பப் பெயர் அப்பொழுது சுகா என்பதாகும். குழந்தை பிறந்து ஏறத்தாழ இருநூறு நாள் சென்ற அளவில் அதன் கண்களில் நோய் தோன்றியது. பெற்றோர் மருத்துவம் பல செய்தும் பயன் விளையவில்லை. நான்கு வயதளவில் தாயின் அரவணைப்பும் அவரை விட்டு நீங்கியது. பாட்டியாரே அவரை வளர்த்து வந்தார். எட்டு வயது நிரம்புமுன் பார்வை முற்றும் மங்கிற்று. ஒத்த சிறுவர்கள் புத்தகப்பை ஏந்திப் பள்ளிக்குச் செல்லும் ஓசையை வீட்டினுள் இருந்தபடியே கேட்கும் நிலை அவருக்கு வந்தது.

அந்நாட்டில் கண்ணிழந்தோர் இசையைத் தொழிலாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். அவர்களுக்கெனத் தனிக் கழகமும், தகுதிக்கேற்ற பட்டங்களும் இருந்தன. 1871ஆம் ஆண்டில் அரசாங்கம் அக்கழகத்தைக் கலைத்துவிட்டது. எனினும் கண்ணில்லாத ஆசான்மார் மாணாக்கர்க்கு இசை பயிற்றும் முறை அழியாது நின்றது. அவர்கள் பயிற்றிய கருவிகளுள் சிறந்தது கோத்தோ என்பதாகும்.

கோத்தோ என்பது ஏறக்குறைய ஆறு அடி நீளமுள்ள நரம்புக் கருவி. எடை குறைந்த மரத்தினைக் குடைந்து அதனை அமைப்பர். அதன்மேல் பதின்மூன்று நரம்புகள் நீளவாக்கில் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு நரம்பின் கீழும் குதிரை ஒன்று நிற்கும். அக்குதிரைகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதி சேர்ப்பர். வலக்கையின் மூன்று விரல்களில் நகம் போன்ற உறைகளை அணிந்து நரம்பைத் தெறித்து வாசிப்பர். வாசிப்பவரே உடன் பாடுவதும் உண்டு. ஆதலின் கோத்தோ கற்பவர் விரல் திறத்தோடு குரல் வளத்தையும் பேணுதல் வேண்டும்.

1902ஆம் ஆண்டில், தம் எட்டாம் வயதில், மிச்சியோ கோபே நகரில் இருந்த நாகாஜிமா என்னும் ஆசானிடம் கோத்தோ கற்கப் புகுந்தார். ஏட்டைப் பார்த்துக் கற்க இயலாத சிறுவர், ஆசான் வாசிப்பதைச் செவியால் வாங்கி மனத்திலே எழுதிக்கொண்டார். ஒருமுறை கேட்டதை மறவாமற் போற்றினார். மூன்றே ஆண்டுகளில், பதினொன்றாம் வயதில், அம்மரபின் பாடங்கள் அனைத்தையும் கற்றுத் தேர்ந்தவர் என்னும் சான்றினைப் பெற்றார். மற்றவர் பல்லாண்டு முயன்று பெறும் பேற்றினை அவர் இளஞ்சிறாராக இருந்தபொழுதே எய்தினார்.

ஆயினும் இன்பம் நிலைத்திலது. கொரியா நாட்டிற்குப் பொருள் தேடச் சென்றிருந்த தந்தை, கொடியோரால் தாக்குண்டு பெருங்காயம் அடைந்தார். அவர் அனுப்பி வந்த பணம் நின்றது. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு, பார்வையற்ற பதின்மூன்று வயதுச் சிறுவர் தோளில் விழுந்தது. 1907ஆம் ஆண்டில் மிச்சியோ கடல் கடந்து கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்தை அடைந்தார். பகலிலே கோத்தோவும், இரவிலே ஷகுஹாச்சி என்னும் மூங்கிற்குழலும் கற்பித்தார். தம்மினும் மூத்தோர் பலர் அவர்பால் மாணாக்கராய் அமர்ந்தனர். அவ்வூதியத்தைக் கொண்டே குடும்பம் உயிர் வாழ்ந்தது.

அங்கே ஒரு நாள், அவருடைய தம்பி தன் பள்ளிப் பாடநூலை வாய்விட்டுப் படித்துக் கொண்டிருந்தான். நீரின் மாற்றங்களைப் பற்றிய பாடம் அது. ஒரே நீர் மூடுபனியாகி, முகிலாகி, மழையாகி, உறைபனியாகி, ஆலங்கட்டியாகி, பனித்துளியாகி, வெண்பனிப் படலமாகி எழுவகை வடிவம் கொள்ளும் தன்மையை ஏழு செய்யுட்கள் அதில் விளக்கின. தம்பிக்கு அது மறுநாட் பாடம். தமையனுக்கோ அது புதிய உலகமாகத் தோன்றியது. அவர் அச்செய்யுட்களை மனத்திற் கொண்டு, ஒவ்வொன்றற்கும் இசை வகுத்து, நரம்பின் ஒலியால் மழையின் வீழ்ச்சியையும் பனியின் அமைதியையும் புலப்படுத்தினார். 1909ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், அவர் இயற்றிய முதல் இசைப் படைப்பு இதுவே. நீரின் மாற்றங்கள் என்னும் பொருளுடைய ‘மிசு நோ ஹெந்தாய்’ என்பது அதன் பெயர். பள்ளியிற் பயிலும் பேறு பெறாத ஒருவர், பள்ளிப் பாடம் ஒன்றினைச் செவியால் கேட்டு அதனை அழியாக் கலையாக்கிய செய்தி வியத்தற்குரியது.

அவ்விளைஞரின் ஆற்றலை ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமி அறிந்தார். அவரை டோக்கியோ நகரத்திற்கு அழைத்துச் சென்று ஆதரிப்பதாக வாக்களித்தார். ஆனால் 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இத்தோ ஹார்பின் நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கைக்கெட்டிய வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று. மிச்சியோ மேலும் எட்டாண்டுகள் கொரியாவிலேயே தங்கிச் சியோல் நகரில் மாணாக்கரைப் பயிற்றி வந்தார். 1913ஆம் ஆண்டில் நாகாக்கோ என்னும் மங்கையை மணந்து, மியாகி என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். யொஷிதா செய்ஃபூ என்னும் குழலிசைஞரின் நட்பும் அவருக்கு அங்கே வாய்த்தது.

1917ஆம் ஆண்டில், தலைநகரில் தம் கலையை நிலைநாட்டும் வேட்கையோடு மியாகி டோக்கியோவை அடைந்தார். பெருநகரம் அவரை வரவேற்கவில்லை. அவரை அறிந்தோர் சிலரே. மாணாக்கரும் மிகச் சிலரே. வறுமை வாயிலில் வந்து நின்றது. அந்நிலையில் அவருக்குக் கண்ணாகவும் கைக்கோலாகவும் விளங்கிய மனைவி நாகாக்கோ நோயுற்று அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். அறியாத நகரில், ஒளியில்லாத வாழ்வில், துணையும் இழந்து நின்றார் மியாகி. எனினும் நரம்பினின்று விரலை எடுத்தாரல்லர். மறு ஆண்டில் சதாக்கோ என்னும் அம்மையார் அவரை மணந்து, இறுதிவரை உறுதுணையாய் நின்றார்.

1919ஆம் ஆண்டில் மியாகி தம் படைப்புக்களைக் கொண்டே முதல் இசையரங்கு ஒன்றினை டோக்கியோவில் நடத்தினார். அதற்கு அடுத்த ஆண்டில், இசையமைப்பாளர் மொத்தோரி நாகயோவுடன் கூடிப் புதிய ஜப்பானிய இசைக்கெனப் பேரரங்கு ஒன்று அமைத்தார். பழைய கருவியையும் பழைய பண்ணையும் கைவிடாமல், மேனாட்டு இசையின் நயங்களையும் அவற்றோடு இயைத்துப் பாடுவதே அவ்வியக்கத்தின் நோக்கம். பழமை பேணுவோர் சிலர், அவர் மரபைச் சிதைக்கின்றார் என்று பழித்தனர். மியாகி பழிப்புரைக்கு வாதத்தால் விடை கூறவில்லை. மேன்மேலும் படைத்த படைப்புக்களாலேயே விடை கூறினார்.

கோத்தோ மென்மையான ஒலியுடையது. ஆழ்ந்த மந்தர ஒலியை எழுப்ப வல்லதன்று. பல கருவிகள் ஒருங்கிசைக்கும் அரங்கிற்கு இஃதொரு குறை என்று மியாகி உணர்ந்தார். இசையறிஞர் தானபே ஹிசாவோவின் துணையோடு ஆராய்ந்து, 1921ஆம் ஆண்டில் பதினேழு நரம்புகளையுடைய பெருங் கோத்தோ ஒன்றைச் சமைத்தார். அது நாடெங்கும் பரவி, இன்றும் பயின்று வருகின்றது. 1929ஆம் ஆண்டில் எண்பது நரம்புகளையுடைய மற்றொரு கருவியையும் அவர் உருவாக்கினார். அளவிற் பெரிதாகிய அக்கருவி அரங்கிற்கு ஏற்றதாக அமையவில்லை, வழக்கிற்கும் வரவில்லை. ஒன்று தவறியது கொண்டு அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

ஜப்பானிய அரண்மனையில் ஆண்டுதோறும் புத்தாண்டிலே கவியரங்கு நிகழ்வது வழக்கம். அதற்கெனப் பொருள் ஒன்று முன்னரே குறிக்கப்படும். 1930ஆம் ஆண்டுக்குக் குறித்த பொருள் கடலோரப் பாறை என்பது. அதனை உளங்கொண்டு, 1929ஆம் ஆண்டின் இறுதியில் மியாகி ஓர் இசைப் படைப்பினை ஆக்கினார். இளவேனிற் கடல் என்னும் பொருளுடைய ‘ஹாரு நோ உமி’ என்பது அது. ஜப்பானியத் தீவுகளுக்கிடையே அமைந்த செத்தோ உள்நாட்டுக் கடலில் கப்பலேறிச் சென்றபொழுது தம் செவி உணர்ந்தவற்றை அவர் அதில் வடித்தார். கரையில் மெல்ல வந்து மோதும் அலையும், படகோட்டிகள் துடுப்பு வலிக்கும் ஒலியும், கடற்பறவைகளின் கூவலும் கோத்தோவிலும் குழலிலும் மாறிமாறி எழுகின்றன. கண்ணுடையார் காணும் கடலைக் கண்ணில்லாதவர் கேட்கச் செய்தார்.

1932ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்த ரெனே ஷெமே என்னும் பிரெஞ்சு நாட்டு வயலின் இசைவாணி இப்படைப்பைக் கேட்டு உருகினார். குழலுக்குரிய பகுதியை வயலினுக்கு ஏற்ப அமைத்து, மியாகியோடு ஒருங்கமர்ந்து அரங்கில் வாசித்தார். அவ்விசை தட்டிற் பதிவு செய்யப்பெற்று அயல்நாடுகளிலும் விற்பனையாயிற்று. மியாகியின் பெயர் கடல் கடந்தது. இன்றும் புத்தாண்டு நாட்களில் ஜப்பான் நாட்டுக் கடைவீதிகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவ்விசையே ஒலிக்கின்றது.

மியாகி தாம் கற்றதைத் தம்மோடு மறைத்து வைத்தாரல்லர். ஜப்பானில் வானொலி தோன்றிய 1925ஆம் ஆண்டு முதலே அதன் வாயிலாக வாசித்தார். பின்னர் அதன் வழியே கோத்தோ பாடமும் நடத்தினார். 1930ஆம் ஆண்டில் டோக்கியோ இசைப்பள்ளியில் விரிவுரையாளராகவும், 1937இல் பேராசிரியராகவும் அமர்ந்தார். முற்காலத்தில் செவிவழியே வந்த பாடங்களை அச்சிட்ட சுரக்குறிப்புக்களாக வெளியிட்டு, எளியோரும் கற்க வழி வகுத்தார். ஊர் உறங்கும் இரவு நேரத்தில், புள்ளியெழுத்துக்களைத் தடவித் தடவிப் புதிய இசைகளை அமைப்பது அவர் வழக்கம்.

அவர் இசைவாணர் மட்டுமல்லர். உரைநடை வல்லவரும் ஆவர். அவரிடம் கோத்தோ கற்ற நண்பராகிய எழுத்தாளர் உச்சிதா ஹியாக்கென் அவரைக் கட்டுரை எழுதத் தூண்டினார். மியாகி சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். மழை ஓதும் திருநாமம் என்று பொருள்படும் ‘அமே நோ நெம்புத்சு’ என்னும் கட்டுரைத் தொகுதி 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. கூரையில் விழும் மழையின் ஒலி, நடப்பவர் காலடி ஓசை, பேசுபவர் குரலில் வெளிப்படும் உள்ளத்தின் நிலை ஆகியவற்றை அவர் அளவளாவிக் கூறும் எழுத்துக்கள், கேளாமற் கேட்டு வாழும் கண்ணுடையார்க்குக் கேட்கும் முறையைக் கற்பித்தன.

இரண்டாம் உலகப் போர் ஜப்பானைச் சூழ்ந்தது. 1945ஆம் ஆண்டில் வானத்தினின்று பொழிந்த குண்டுகளால் டோக்கியோ நகரம் பற்றி எரிந்தது. மியாகியின் இல்லமும் தீக்கிரையாயிற்று. அரிதின் முயன்று செய்த எண்பது நரம்புக் கருவியும் சாம்பலாயிற்று. ஐம்பது வயதைக் கடந்த அவர் அனைத்தையும் மீண்டும் தொடங்க வேண்டியவரானார். தொடங்கவும் செய்தார். எரிந்த இடத்தில் மறுபடியும் வீடு எழுப்பி, சிறியதொரு படிப்பறையில் அமர்ந்து இசை அமைத்து வந்தார். 1948ஆம் ஆண்டில் ஜப்பானியக் கலைக்கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது.

1953ஆம் ஆண்டில் பிரான்சு, இசுப்பெயின் ஆகிய நாடுகளில் நிகழ்ந்த உலக நாட்டார் இசை நடன விழாவிற்கு ஜப்பானின் சார்பில் அவர் சென்றார். இலண்டன் மாநகரிலும் தங்கினார். அங்கு இரவிலே பெய்த மழையைப் பொருளாகக் கொண்டு ஓர் இசை அமைத்தார். பதினான்கு வயதில் மழையைப் பாடிய அதே உள்ளம், ஐம்பத்தொன்பது வயதில் அயல்நாட்டு மழையையும் அன்போடு கேட்டது.

1956ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் இரவு, ஓசாகா நகரில் இசையரங்கு நிகழ்த்தும் பொருட்டு மியாகி டோக்கியோவிலிருந்து விரைவுத் தொடர்வண்டியில் ஏறினார். மறுநாள் விடியுமுன், கரியா என்னும் நிலையத்தருகே ஓடும் வண்டியினின்று அவர் விழுந்துவிட்டார். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டும் பிழைத்தாரிலர். காலைப் பொழுதில் அவர் உயிர் பிரிந்தது. அப்பொழுது அவருக்கு அகவை 62. செய்தி கேட்டு நாடே துயருற்றது.

அவர் வாழ்ந்த இடத்தில் 1978ஆம் ஆண்டில் நினைவகம் ஒன்று திறக்கப்பட்டது. அவர் இசை அமைத்த படிப்பறை அங்கே இன்றும் போற்றப்படுகின்றது. எரிந்தொழிந்த எண்பது நரம்புக் கருவியை ஒத்த புதிய கருவியும் அங்குச் செய்து வைக்கப்பட்டுள்ளது.

உறுப்பின் குறை குறையன்று. ஊக்கத்தின் குறையே குறை என்பது தமிழ்ச் சான்றோர் கண்ட உண்மை. மியாகியின் வாழ்வு அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. நீர் ஒன்றே பல வடிவம் கொண்டு இறுதியில் நிலத்தை வளப்படுத்துவது போல, இருளும் வறுமையும் பிரிவுமாக அவர்மேல் வந்த துன்பமெல்லாம் அவர் உள்ளத்திற் புகுந்து இன்னிசையாக மாறி உலகத்திற்குப் பயன்பட்டன. அருகில் ஒருவர் படிக்கும் பாடத்தையும், கூரைமேல் விழும் மழையையும் கருத்தூன்றிக் கேட்கும் பழக்கமே அவர் பெற்ற பெருஞ்செல்வம். அச்செல்வத்தை ஈட்ட எவர்க்கும் தடையில்லை.